பின்வாசலுக்கு ஒரு பக்கம்

அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் வீட்டிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, எல்லோரும் அவளை 'உடும்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அவ்வளவுதான் காரணம்.

உடும்பின் அம்மா சைக்கிள் பழுது பார்ப்பவள். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சந்தின் கோடியில் அவளுடைய கடை. உள்ளே ஒரு பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரெல்லாம் தொங்கும் டயர்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், குழாய் பதிக்கிறோம் என்று சந்தின் வாயைத் தோண்டினார்கள். குழாய் வரவில்லை. பள்ளம் மட்டும் நாளொரு மேனியாக வளர்ந்தது. பள்ளத்தைப் பார்த்தவர்கள், கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். அம்மா கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

கடைக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. பேருந்து நிறுத்தத்திலிருந்து நாலு திருப்பம் திரும்பினால் வந்துவிடலாம். ஆனால் அந்த வழி அம்மாவுக்கும் உடும்புக்கும் ஒரு பூனைக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் அம்மாவுக்குத் தொலைவில் இருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. வேலை இருக்கிறது, ஆனால் அங்கேயே தங்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா லாரி ஓட்டுபவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அம்மாவும் போய்விட்டால் உடும்பு அத்தை வீட்டில் இருக்க வேண்டியதுதான். அத்தை நல்லவள்தான். ஆனாலும் அத்தை அம்மா இல்லையே!

"நீ போகக் கூடாது" என்றாள் உடும்பு.

"கடைக்கு யாருமே வரலையே, கண்ணு. வெறும் கடையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"வந்தா?"

"வந்தா நான் ஏன் போறேன்?"

"எத்தனை பேர் வரணும்? கணக்கா சொல்லு."

அம்மா சிரித்தாள். "சரி. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பத்து சைக்கிள் வரட்டும். போக மாட்டேன்."

"பத்துதானே?"

"பத்துதானேவா? போன மாசம் முழுக்க வந்ததே மூணுடி! அதுலயும் ஒண்ணு நம்ம சைக்கிள்."

ஆனால் உடும்பு பிடித்துவிட்டாள். இனி விடமாட்டாள்.

முதலில் ஒரு அட்டையில் வழி எழுதிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கே மழை வந்து எழுத்தைக் குடித்துவிட்டது. மறுபடி எழுதி வைத்தாள். அதைப் பள்ளம் தோண்டுகிறவர்கள் கீழே போட்டு, மேலே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "நல்லா கெட்டியா இருந்துச்சு பாப்பா. இன்னொண்ணு இருக்கா?" என்று வேறு கேட்டார்கள்.

மழை நனைக்காத, யாரும் மேலே உட்கார முடியாத ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?

அவள் பள்ளிக்கூடத்தில் அப்போது இணையப் பக்கம் செய்யச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் ஒரு மணி நேரம், கணினி அறையில். ஆளுக்கு ஒரு பக்கம் செய்ய வேண்டும். புதன்கிழமை டீச்சர் அவற்றைப் பள்ளிக்கூடத்தின் இணையதளத்தில் ஏற்றுவார். பெற்றோர் எல்லோரும் போனில் பார்ப்பார்கள்.

"நான் எங்க கடைக்கு வழி போடப் போறேன்" என்றாள் உடும்பு.

பக்கத்து நாற்காலியில் இருந்தவன் 'தந்தி'. காதில் விழும் செய்தி அவன் வாயில் ஐந்து நிமிடம்கூடத் தங்காது. அதனால்தான் அந்தப் பெயர். அவன் தன் பூனையைப் பற்றி ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தான்.

"கடைக்கு வழியா? என் பூனையைப் பாக்கவே நூறு பேர் வருவாங்க. உன் டயரைப் பாக்க யார் வருவா?"

"உன் பூனைக்கு பஞ்சர் ஆனா நீயே வருவே, போ!"

டீச்சர் மேசையைத் தட்டினார். "தலைப்புக்கு முன்னாடி ஒரு குறி போடணும். தலைப்பு முடிஞ்சதும் சாய்கோட்டோட அதே குறியைப் போட்டு மூடணும். அப்பதான் தலைப்பு எங்கே முடியுதுன்னு பிரவுசருக்குத் தெரியும்."

உடும்பு தலைப்பை எழுதினாள். குறியை மூட மறந்தாள். திரையைப் பார்த்தால், தலைப்பு மட்டும் இல்லை, அதற்குக் கீழே எழுதியது எல்லாமே பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக நின்றது.

"டீச்சர், இவ பக்கம் கத்துது!" என்றான் தந்தி.

"கதவைத் திறந்தா மூடத் தெரியாதா?" என்றார் டீச்சர்.

உடும்பு மூடினாள். எழுத்தெல்லாம் பெட்டிப் பாம்பாக அடங்கிப்போனது. அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு சின்னக் கோட்டுக்கு இவ்வளவு அதிகாரமா!

அடுத்த நாள் நிறம் பூசக் கற்றுக்கொண்டாள். அதற்கடுத்த நாள் படம் வைக்க. அம்மாவின் பழைய போனில் நாலு திருப்பங்களையும் படம் எடுத்தாள். ஐந்தாவது படம் பின்வாசல். அந்தப் போனில் பேசலாம், படம் எடுக்கலாம். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் தானே அணைந்துவிடும்.

படங்களை அவள் உட்காரும் ஏழாம் எண் கணினியில் போட்டுவைத்தாள். ஒரு படத்தைக் காட்ட வேண்டும் என்றால், அது எங்கே இருக்கிறது என்று பிரவுசருக்கு முகவரி எழுத வேண்டும். அவள் எழுதினாள்: இந்தக் கணினி, சி டிரைவ், டெஸ்க்டாப், படம் ஒன்று. உடனே படம் பளிச்சென்று வந்தது. ஐந்தும் வந்தன.

புதன்கிழமை வந்தது. "இப்ப உங்க பக்கத்தை எல்லாம் சர்வர்ல ஏத்தப் போறேன்" என்றார் டீச்சர்.

தந்தி கை தூக்கினான். "சர்வர்னா ஓட்டல்ல தட்டு கொண்டு வர்றவர்தானே, டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். "ஏன் சிரிக்கிறீங்க? பாதி சரியாத்தான் சொல்றான். இந்த சர்வரும் ஒரு கணினிதான். எங்கேயோ ஓர் அறையில தூங்காம ஓடிக்கிட்டே இருக்கும். யாராவது போன்ல முகவரியைத் தட்டி 'அந்தப் பக்கத்தைக் குடுங்க'ன்னு கேட்டா, தன்கிட்ட இருக்கறதை எடுத்துட்டு வந்து வைக்கும்."

"இல்லாததைக் கேட்டா?" என்றாள் உடும்பு.

"'அது இல்லீங்க'ன்னு சொல்லிடும்."

எல்லோரும் தங்கள் பக்கங்களைக் கொடுத்தார்கள். டீச்சர் ஏற்றி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஏறினது சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

வியாழக்கிழமை மாலை. உடும்பு கடையில் உட்கார்ந்து பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சைக்கிளும் வரவில்லை. போன் மட்டும் அடித்தது. அம்மா எடுத்தாள்.

"தங்கச்சி, நான் தபால்காரன் பேசறேன். பள்ளிக்கூடத்து இணையத்துல உன் பொண்ணு போட்டிருந்ததைப் பாத்துட்டுக் கிளம்பினேன். பின்சக்கரம் பஞ்சர். வழிதான் தெரியல."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அது ஒண்ணும் கஷ்டம் இல்லண்ணே! நேரா பின்வாசலுக்கு வந்துடுங்க."

"அந்தப் பின்வாசல் எங்கே இருக்குன்னுதான் கேக்கறேன்."

"கடைக்குப் பின்னாடிண்ணே!"

"கடை எங்கே இருக்கு?"

"பின்வாசலுக்கு முன்னாடி!"

"சரியாப் போச்சு!" என்றார் தபால்காரர்.

உடும்பு போனை வாங்கினாள். "மாமா, இப்ப உங்க கண்ணு முன்னாடி என்ன தெரியுது?"

"ஈரப் போர்வை."

"அப்புறம்?"

"இன்னொரு ஈரப் போர்வை. திரும்பினா, அங்கேயும் போர்வை. ஒரே போர்வைக் காடா இருக்கு, பாப்பா!"

உடும்புக்குப் புரிந்துவிட்டது. சலவைக்காரர் துணி காயப்போடும் முற்றத்துக்குள் அவர் நுழைந்துவிட்டார். "அப்படியே நில்லுங்க மாமா. குனிஞ்சு போர்வைக்கு அடியில பாருங்க. ஒரு தண்ணிக் குழாய் தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்கிட்ட போங்க. போயிட்டீங்களா? இப்ப குழாய்க்கு எதிர்ல பச்சைப் படிக்கட்டு தெரியும்."

"ஆமா, தெரியுது!"

"படிக்கட்டை ஒட்டி வாங்க."

கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் தபால்காரர் நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோளில் யாருடையதோ ஒரு காலுறை தொங்கியது.

"முப்பது வருஷமா முகவரி தேடறதே என் பொழப்பு. என்னையே சுத்த விட்டுட்டியே, பாப்பா! 'படத்தில் இருப்பதுபோல் திரும்பவும்'னு போட்டிருக்கே. எந்தப் படம்?" என்று போனை நீட்டினார்.

உடும்பு பார்த்தாள். எழுத்து இருந்தது. நிறம் இருந்தது. படம் இருக்க வேண்டிய ஐந்து இடத்திலும் கிழிந்த காகிதம்போல ஒரு சின்னக் கட்டம்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஐந்தும் வந்ததே! யாரோ அழித்துவிட்டார்களா? சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அம்மா டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடினாள். தபால்காரர் தொப்பியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "நீ சொன்ன வழி இருக்கே, தங்கச்சி! பின்வாசல் கடைக்குப் பின்னாடி, கடை பின்வாசலுக்கு முன்னாடி! உன் கடைக்குள்ள உக்காந்திருக்கற உனக்கு அது போதும். போர்வைக்குள்ள நிக்கிற எனக்கு?"

உடும்பு சடாரென்று எழுந்தாள். "அம்மா! நானும் அதைத்தான் சொல்லியிருக்கேன்!"

"எதைடி?"

"படம் என் கணினியிலதான் இருக்கு. ஏழாம் எண் கணினியில, டெஸ்க்டாப்புல. அந்த முகவரியைத்தான் பக்கத்துல எழுதினேன். ஏழாம் எண்ணுல உக்காந்திருக்கற எனக்கு அது போதும். ஆனா சர்வருக்கு?"

"சர்வரா? எந்த ஓட்டல்?" என்றாள் அம்மா.

"அதேதான்மா! ஓட்டல்ல போய் உக்காந்துக்கிட்டு, 'எங்க வீட்டு அலமாரியில மூணாவது தட்டுல இருக்கற பிஸ்கட்டைக் கொண்டு வாங்க'ன்னா அவர் எப்படிக் கொண்டு வருவார்?"

"'இல்லீங்க'ன்னுதான் சொல்லுவார்" என்றார் தபால்காரர்.

"அப்ப முதல்ல பிஸ்கட்டை அவர் சமையல்கட்டுக்கு அனுப்பணும்!"

அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மகளின் கண்ணைப் பார்த்ததும் மீதியைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் உடும்பு கணினி அறைக்கு ஓடினாள். பின்னாலேயே தந்தியும் வந்தான்.

"இருபது நிமிஷம்தான்" என்றார் டீச்சர். "எனக்கு அடுத்த வகுப்பு இருக்கு. தப்பு எங்கேன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம் டீச்சர். பிடிச்சுட்டேன்."

'படம்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி ஒரு புதிய கோப்புறை செய்தாள். அதைத் தன் பக்கத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, ஐந்து படங்களையும் அதற்குள் போட்டாள். பக்கத்தைத் திறந்து முகவரிகளை அழித்தாள். சி டிரைவும் வேண்டாம், டெஸ்க்டாப்பும் வேண்டாம். 'இந்தப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்புறை இருக்கிறது, அதற்குள் பார்' என்று மட்டும் ஐந்து இடத்திலும் எழுதினாள்.

பிறகு, தான் எழுதியிருந்த வழியைப் படித்தாள். 'எங்கள் கடையின் பின்பக்கமாக வரவும்.' அவளுக்கே சிரிப்பு வந்தது. அதையும் அழித்துவிட்டு இப்படி எழுதினாள்:

'நீங்கள் இப்போது பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். எதிரே சிவப்புக் கதவு வைத்த ரொட்டிக்கடை தெரியும். அதை நோக்கி நடங்கள். போர்வைகள் காயும் இடத்தைக் கண்டால் உள்ளே போகாதீர்கள்.'

கோப்புறையையும் சேர்த்து டீச்சர் சர்வரில் ஏற்றினார். உடும்பு ஏழாம் எண்ணில் பார்க்கவில்லை. "உன் கணினியில திற" என்றாள் தந்தியிடம்.

ரொட்டிக்கடை வந்தது. போர்வை வந்தது. குழாய் வந்தது. படிக்கட்டு வந்தது. பின்வாசல் மட்டும் வரவில்லை! அதே கிழிந்த காகிதம்.

"போச்சு" என்றான் தந்தி. "வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து நடுத்தெருவுல விட்டுட்டே."

கடிகாரத்தில் ஆறு நிமிடம் இருந்தது. நாலு வந்து ஒன்று வரவில்லை என்றால், அந்த ஒன்றில் என்ன வேறுபாடு? உடும்பு படத்தின் பெயரையும், தான் எழுதிய முகவரியையும் அருகருகே வைத்தாள். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள்.

படத்தின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து. முகவரியில் சின்ன எழுத்து.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் தந்தி. "நம்ம எழுத்துல பெரிய 'ப', சின்ன 'ப'ன்னு இருக்கா என்ன? 'ப'ன்னா 'ப'தான்."

"நமக்கு ஒண்ணுதான். இந்த சர்வருக்கு ரெண்டும் வேற வேற ஆள் போல."

பெயரைச் சின்ன எழுத்தாக்கினாள். டீச்சர் மறுபடி ஏற்றினார். பின்வாசல் பளீரென்று வந்தது. வாசலில் அம்மா பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

டீச்சரின் போனில் பார்த்தார்கள். வந்தது. வாசல் காவலாளியின் போனில் பார்த்தார்கள். வந்தது. "இதென்ன, நான் தினம் வர்ற வழிக்குப் பின்னாடியே இப்படி ஒரு கடையா?" என்றார் காவலாளி. "என் சைக்கிள் செயின் பத்து நாளா கழண்டு கழண்டு விழுது."

உடும்பு தந்தியின் பக்கம் திரும்பினாள். "டேய், உன்கிட்ட ஒரு ரகசியம் சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சத்தியமா சொல்ல மாட்டேன்!"

"எங்க கடைப் பக்கத்துல இப்ப எல்லாப் படமும் தெரியுது."

அன்று பள்ளிக்கூடம் விடுவதற்குள் அது ஊருக்கே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை. எட்டு மணிக்கு அம்மா கடையைத் திறந்தாள். ஒன்பது ஆயிற்று. யாரும் இல்லை. ஒன்பதரை. பூனை மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உடும்பு நகத்தைக் கடித்தாள். பிறகு அடுத்த கை நகத்தையும் கடித்தாள்.

"பரவாயில்ல, கண்ணு. நீ பண்ணினதே பெரிசு" என்றாள் அம்மா.

அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்டது. காவலாளி வந்தார். அவருக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரம்மா. "என் கடைக் கதவைப் படம் போட்டிருக்கியாமே! அதான் பாத்துட்டு, அப்படியே பிரேக்கையும் சரிபண்ணிக்கலாம்னு வந்தேன்." அவருக்குப் பின்னால், முன்சக்கரம் எட்டுப்போல வளைந்துபோன ஒரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாணவர்கள்.

"தபால்காரரையும் சேர்த்து நாலு!" என்றாள் உடும்பு.

சலவைக்காரர் வந்தார். "நேத்திலேர்ந்து என் முற்றத்துக்குள்ள ஒருத்தரும் நுழையல. ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளையும் விட்டுப் போனார். ஆறு, ஏழு என்று வந்துகொண்டே இருந்தது. தபால்காரர் தன் கூட வேலை செய்யும் நாலு பேரை வரிசையாக அழைத்து வந்தார். ஒருவர் தோளிலும் காலுறை இல்லை.

"பதினொண்ணு! அம்மா, பதினொண்ணு!"

அம்மாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் செயின், வாயில் இரண்டு திருகாணி. "ம், ம்" என்று மட்டும் சொன்னாள். பதினேழுக்கு மேல் உடும்பும் எண்ணுவதை விட்டுவிட்டாள். காற்றடிக்க ஆள் வேண்டியிருந்தது. தந்தியும் வந்து பம்பைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் போன் அடித்தது. அம்மாவின் கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு.

"எடுத்து என் காதுல வை" என்றாள். உடும்பு வைத்தாள்.

தொழிற்சாலைக்காரர் என்னவோ நீளமாகப் பேசினார். அம்மா திருகாணிகளைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "மன்னிக்கணுங்க. வர முடியாது. இங்கே எனக்கே ரெண்டு ஆள் வேலை கிடக்கு!"

உடும்பு போனைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உடும்பின் சட்டையில் அம்மாவின் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. அதைத் துவைக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

திங்கள்கிழமை மாலை கணினி அறையில் டீச்சர் கேட்டார். "எல்லாம்தான் சரியாயிடுச்சே. இன்னும் என்ன மாத்தணும் உனக்கு?"

"ஒரே ஒரு வரி சேர்க்கணும், டீச்சர்."

தன் பக்கத்தைத் திறந்து, தலைப்புக்குக் கீழே, கொட்டை எழுத்தில் இப்படித் தட்டினாள்:

'கடையில் இந்த வாரம் இடம் இல்லை. தயவுசெய்து அடுத்த வாரம் வாருங்கள்.'

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அதை மூன்று முறை படித்தாள். இத்தனை இனிப்பான ஓர் 'இல்லை'யை அவள் அதுவரை எழுதினதே இல்லை.